ரத்தம், மண், பதிவேடு

1

மண் என்ற சொல்லை நம் விமர்சனம் கொஞ்சம் அதிகமாகவே செலவழித்துவிட்டது. ஒரு நாவல் நன்றாக வந்திருந்தால் அதில் மண் வாசனை இருக்கிறது என்கிறோம். வரவில்லையென்றால் வேர் இல்லை என்கிறோம். மண்ணும் வேரும் ரத்தமும் உருவகங்கள் என்பது மறந்துபோய், அவை ஏதோ அளந்து பார்க்கக்கூடிய வஸ்துக்கள் போல நம்மிடையே சர்ச்சைகள் நடக்கின்றன. உருவகத்தை உருவகம் என்று அறியாமல் கையாள்கிறவன் இலக்கியத்தில் செய்யும் சேதம் அப்படியொன்றும் பெரிதல்ல. சட்டத்தில் அந்தச் சேதம் மனிதர்கள் மேல் விழுகிறது. ஒரு குழந்தை எந்த நாட்டைச் சேர்ந்தது என்ற கேள்விக்குச் சட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு உருவகங்களைக் கொண்டுதான் பதில் சொல்லி வந்திருக்கின்றன: பிறந்த மண், பெற்றவர் ரத்தம். இரண்டும் ஒத்துப்போகிறவரை யாருக்கும் எதுவும் தோன்றுவதில்லை. ஒத்துப்போகாத இடத்தில் நின்று பார்க்கும்போதுதான், இரண்டுமே நாம் நம்பிய அளவுக்குத் திடமானவை அல்ல என்று தெரிகிறது. பெற்றோரின் நாட்டுக்கு வெளியே பிறந்த குழந்தையை அந்நாட்டின் பிரஜையாகப் பதிவு செய்வது அப்படிப்பட்ட இடம்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். 1983 ஜூலைக்குப் பிறகு பாக் நீரிணையைப் படகில் கடந்து ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் கரையேறியவர்களும், 1990இலும், 1995ஐ ஒட்டியும், 2006இலும் மீண்டும் மீண்டும் வந்தவர்களும் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் முதலில் வந்து சேர்ந்த மண்டபம் முகாம், ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம். போகிறவர்களுக்காக ஏற்பட்ட முகாம் வருகிறவர்களுக்குப் பயன்பட்டது. முகாம்களில் குழந்தைகள் பிறந்தன. அந்தக் குழந்தைகளுக்கும் இன்று குழந்தைகள். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் முகாமில் பிறந்த குழந்தை யாருடைய பிரஜை என்பது பெயர்ப்பலகையில் தீர்கிற விஷயமல்ல.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை பிறந்தவர், மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, பிறப்பினாலேயே இந்தியப் பிரஜை. அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு நிபந்தனை இன்னும் இறுகியது. ஆக, பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால், 1987 ஜூலைக்குப் பின் பிறந்த குழந்தையை இந்த மண் தன்னுடையதென்று சொல்வதில்லை. அந்தப் பக்கம், இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம். 1948 நவம்பர் 15க்குப் பிறகு நாட்டுக்கு வெளியே பிறந்தவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு ஐந்தாம் பிரிவு இரண்டு நிபந்தனைகள் விதித்தது. பிறக்கும்போது தகப்பன் இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். பிறந்து ஓராண்டுக்குள் அந்தப் பிறப்பை இலங்கையின் தூதரக அலுவலகத்திலோ உரிய அமைச்சகத்திலோ பதிந்திருக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் அமைச்சர் காலத்தை நீட்டலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 'தகப்பன்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பெற்றோரில் ஒருவர் என்று மாற்றியது.

இந்த 'ஓராண்டுக்குள்' என்ற ஒரு சொல்தான் என் பிரச்னை.

2

முதலில் ரத்தம். வம்சாவழி என்ற சொல்லைக் கேட்டால் ஏதோ இயற்கையின் பேச்சு போலத் தொனிக்கிறது. ஆனால் 2003 வரை இலங்கைச் சட்டத்தில் ஒரு தாயின் ரத்தம் இந்தக் காரியத்துக்குச் செல்லாது. இலங்கைப் பெண், வேற்று நாட்டவரை மணந்து வெளிநாட்டில் குழந்தை பெற்றால் அந்தக் குழந்தைக்குத் தர அவளிடம் நாடு இல்லை. இந்தியச் சட்டமும் 1992 டிசம்பர் 10 வரை இதே நிலையில்தான் இருந்தது. ஒரு குழந்தை யார் வயிற்றில் பிறந்தது என்பது பிறப்பில் மிகவும் நிச்சயமாகத் தெரிந்த சங்கதி. தகப்பன் யார் என்பது நம்பிக்கையின் பாற்பட்டது. நிச்சயமானதை ஒதுக்கி, நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ரத்தம் என்று பெயரிட்டார்கள். ஆகவே சட்டம் ரத்தம் என்று சொன்னபோது அது குறித்தது தகப்பன் பெயரை.

இரண்டாவதாக, ரத்தம் எத்தனை தலைமுறை பின்னால் போகவேண்டும்? 1948 சட்டத்தின்படி, அந்த நவம்பர் தேதிக்கு முன் இலங்கையில் பிறந்தவர் தன் தகப்பனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும்; அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே லயத்தில் பிள்ளை பெற்றவனிடம் முப்பாட்டனின் பிறப்பைக் கேட்டது சட்டம். மலையகத் தமிழர்கள் பெருந்தொகையாக நாடற்றவர்களானது இப்படித்தான். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் அவர்களைப் பிரித்துக்கொண்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி. அந்த ஒப்பந்தத்தில் குழந்தைகள் எப்படி வருகிறார்கள் தெரியுமா? அந்தத் தொகையின் 'இயற்கைப் பெருக்கம்' என்று. நான் பிழைப்புக்காக முதலும் வட்டியும் எழுதுகிறவன். இந்தச் சொல்லாட்சியின் நடை எனக்கு அறிமுகமானதுதான். பெற்றோர் முதல், பிள்ளைகள் வட்டி. எந்தக் கணக்கில் முதல் சேர்கிறதோ அந்தக் கணக்கில் வட்டியும் சேரும். யாரும் வட்டியைக் கேட்டு முடிவு செய்வதில்லை.

முப்பாட்டன் பிரச்னையை அரிஸ்டாட்டில் அப்போதே பார்த்துவிட்டார். 'அரசியல்' நூலின் மூன்றாம் பகுதியில், பிரஜைகளுக்குப் பிறந்தவனே பிரஜை என்ற வரையறையை எடுத்துக்கொண்டு அவர் கேட்பது எளிமையான கேள்வி: மூன்றாவது, நான்காவது மூதாதை எப்படிப் பிரஜையானான்? ஒரு நகரத்தை முதலில் நிறுவியவர்களுக்கு இந்த வரையறை எப்படிப் பொருந்தும்? பின்னோக்கிப் போய்க்கொண்டேயிருந்தால் எங்கோ ஓரிடத்தில், ரத்தத்தினால் இல்லாமல் வேறெதனாலோ பிரஜையானவன் ஒருவன் நிற்கிறான். யாரோ அவனைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதைக் கேட்டவர் ஸ்டகிராவில் பிறந்து, ஏதென்ஸில் வேற்றூராராகவே பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வாக்குரிமை இல்லாதவருக்கு இந்த ஓட்டை கண்ணில் பட்டதில் ஆச்சரியமில்லை.

அதே ஏதென்ஸில் கி.மு. 451இல் பெரிக்கிளீஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: தாய், தகப்பன் இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளை பிரஜை. பிறகு மிலீட்டஸ் நகரத்து அஸ்பேசியாவோடு வாழ்ந்து அவருக்கு ஒரு மகன் பிறந்தான். தகப்பனின் சட்டப்படியே அவன் வேற்றூரான். கொள்ளைநோயில் பெரிக்கிளீஸின் மற்ற இரண்டு மகன்களும் இறந்தபோது, தன் சட்டத்துக்கு விலக்குக் கேட்டு ஊரார் முன் நின்றார். அவர்கள் இரங்கினார்கள், பையன் தகப்பன் பெயரிலேயே பதிவு செய்யப்பட்டான். கதை அதோடு முடியவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து தளபதியாகி, கி.மு. 406இல் ஆர்கினூசே கடற்போரில் வென்றபின், மூழ்கியவர்களைக் காப்பாற்றவில்லை என்ற குற்றச்சாட்டில் மற்றத் தளபதிகளோடு மரண தண்டனை பெற்றான். தண்டித்தது அதே ஊர். பிரஜையாகாதிருந்தால் அவன் தளபதியாகியிருக்க மாட்டான். ஒரு தகப்பன் பிள்ளையை ஒரு நாட்டின் பதிவேட்டில் எழுதும்போது கூரையை மட்டும் எழுதித் தருவதில்லை, அது இடிந்து விழக்கூடிய சாத்தியத்தையும் சேர்த்துத்தான் எழுதித் தருகிறான். இதற்கு மேல் இந்தக் கிரேக்கக் கதையை நான் உதாரணமாக நீட்டப் போவதில்லை.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'பிரஜை' என்ற வடசொல்லுக்குச் சந்ததி என்றும் பொருள், ஆளப்படுகிறவன் என்றும் பொருள். தமிழில் 'குடி' என்றால் குடும்பம், குலம். அரசனின் கீழ் வாழ்கிறவர்களும் குடிகள். 'மக்கள்' என்ற சொல் பெற்ற பிள்ளைகளையும் குறித்தது, ஜனங்களையும் குறிக்கிறது. குடிமக்கள் என்று சொல்லும்போது நாம் நம்மை அறியாமலேயே அரசைப் பெற்றவன் ஸ்தானத்தில் உட்கார்த்திவிடுகிறோம். ரத்தம் என்ற உருவகம் இவ்வளவு சுலபமாக நம்மிடம் செல்லுபடியாவதற்கு இது ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. அரசு பெற்றவன் என்றால், தன் பிள்ளையை அடையாளம் காண அதற்கு ஓராண்டுக் கெடு எதற்கு?

3

இங்குதான் பதிவு என்ற செயலின் ஸ்வபாவத்தைப் பார்க்க வேண்டும். பதிவு, ஏற்கனவே இருப்பதைக் குறித்துக்கொள்கிறதா, இல்லாததை உண்டாக்குகிறதா?

வங்கியில் ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்பதற்கு லைஃப் சர்டிபிகேட் தருகிறார்கள். எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற மனிதரிடம், நீங்கள் இருப்பதாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதில் உள்ள அபத்தத்தைப் பற்றி எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. அந்தக் காகிதம் அவருக்கு உயிர் தருவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. தரத் தவறினால் ஓய்வூதியம் நிற்கும். தந்தால் நின்றதும் சேர்த்து வரும். உயிர் முதலில், காகிதம் பின்னால் என்ற வரிசை அங்கே குலைவதில்லை.

குழந்தையின் விஷயத்தில் வரிசை குலைகிறது. பெற்றோர் பிரஜை, குழந்தை அவர்கள் குழந்தை — இந்த இரண்டும் உண்மையாக இருந்தும், ஓராண்டுக்குள் யாரும் வந்து சொல்லவில்லையென்றால் குழந்தை பிரஜையல்ல. ரத்தம் அப்படியே இருக்கிறது. உரிமை மட்டும் இல்லை. இப்போது இந்தியச் சட்டமும் இந்த இடத்துக்கு வந்துவிட்டது. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் இந்தியருக்குப் பிறக்கும் குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தாமதமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ பிள்ளை பெற்ற நம் நண்பர்கள் இதை ஒரு காகித வேலையாகச் செய்து முடித்துவிடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது காகித வேலைதான். எல்லாக் காகிதமும் கையில் இருப்பவனுக்குச் சட்டம் ஒரு எரிச்சல், அவ்வளவே.

இதற்கு எதிரே இன்னொன்றை வைத்துப் பார்க்கலாம். ஒரு வங்கிக் கணக்கில் பத்து வருஷம் யாரும் பணம் போடவுமில்லை, எடுக்கவுமில்லை என்றால் அந்தத் தொகை ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். 2014 முதல் இந்த ஏற்பாடு. ஆனால் கணக்குக்கு உரியவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். மௌனத்தினால் பணம் இடம் மாறுகிறது, உரிமை அழிவதில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் இருநூறு ரூபாயிடம் காட்டுகிற பொறுமையை ஒரு பிறப்பிடம் காட்டக்கூடாதா என்று கேட்பது மிகையாகாது. அமைச்சர் நீட்டலாம், அரசு அனுமதிக்கலாம் என்பது பதிலாகாது. நீட்டலாம் என்ற சொல்லில் மறுக்கலாம் என்பதும் இருக்கிறது. உரிமையாக இருந்தது அந்த ஓராண்டு கழிந்த மறுநாள் தயவாக மாறிவிடுகிறது.

ஆனால் இந்தக் கெடுவைக் கொடுமை என்று மட்டும் பார்த்துவிட்டால் அதிலிருக்கும் உண்மையைத் தவறவிட்டுவிடுவோம். சட்டம் தன்னையறியாமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறது: ரத்தம் தானாகப் பேசாது. யாராவது வந்து, இந்தக் குழந்தை என்னுடையது, என் நாடு இதனுடையது என்று சொல்லியாக வேண்டும். ரத்தம் என்ற உருவகத்தின் கீழே கடைசியில் மிஞ்சுவது ஒரு மனிதனின் சொல். பேசத் தெரியாத ஒரு ஜீவனுக்காக இன்னொருவர் சொல்லும் சொல். பிரஜாவுரிமையின் அடித்தளம் இயற்கையில் இல்லை, இந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அப்படியானால் இந்தச் சொல்லைச் சொல்கிறவனின் நிலை என்ன, சொல்ல அவனுக்கு என்ன உரிமை என்பதுதான் உண்மையான தார்மீகக் கேள்வி.

4

சென்னையில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு முகாமிலிருந்து போகிறவனை எண்ணிப் பாருங்கள். அவன் ஓடிவந்தது அந்த அரசிடமிருந்து. கடலில் போட்டதும் கரையில் விட்டதும் போக மிஞ்சிய காகிதங்களை எடுத்துக்கொண்டு — தன் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், இங்கே பஞ்சாயத்திலோ ஆஸ்பத்திரியிலோ வாங்கிய குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் — அதே அரசின் அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும். என் குழந்தையை உன்னுடையவர்களில் ஒன்றாக எழுதிக்கொள் என்று கேட்க வேண்டும்.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், கவிஞர், இதைவிட நாடற்று இருப்பதே கௌரவம் என்றார். தன்னைத் துரத்திய அரசிடம் மனுக் கொடுப்பவன் துரத்தியதை அங்கீகரித்துவிடுகிறான் என்பது அவர் வாதம். கணியன் பூங்குன்றனையும் துணைக்கு அழைத்தார். இந்தப் புறநானூற்றுக் கவியை நாம் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. ஐக்கிய நாடுகள் சபை முதல் கல்யாணப் பத்திரிகை வரை அவர் இல்லாத இடமில்லை. உலகத்து ஊர்களையெல்லாம் உறவு கொண்டாடுகிறவனுக்கு, திரும்பிப் போகப் பூங்குன்றம் என்று ஓர் ஊர் இருந்தது. அது அவன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாலைக் கணக்கெடுப்புக்கு முகாம் திரும்பியாக வேண்டியவன் வாயில் அந்த வரியைத் திணிப்பது இலக்கிய ரசனையாகாது.

நாடற்று இருப்பது ஒரு விடுதலை என்ற எண்ணம், நாடுள்ளவர்களுக்கு மட்டுமே தோன்றுகிற எண்ணம். ஹன்னா ஆரெண்ட் 1933இல் ஜெர்மனியிலிருந்து தப்பி, 1937இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1951இல் அமெரிக்கப் பிரஜையாகும்வரை எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் வாழ்ந்தவர். மனித உரிமைகள் மனிதனாக இருப்பதாலேயே கிடைத்துவிடுகின்றன என்ற பதினெட்டாம் நூற்றாண்டு நம்பிக்கையை அவர் கடுமையாகச் சந்தேகித்தது அந்த அனுபவத்தின் பின்னணியில்தான். வெறும் மனிதனாக மட்டும் எஞ்சியவனுக்கு அந்த உரிமைகளைக் கேட்டு வாங்க ஓர் இடமே இல்லாமல் போகிறது என்பதை அவர் கண்டார். 1961ஆம் ஆண்டின் நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான உடன்படிக்கையில் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தேசிய இனம் பெறும் உரிமை உண்டு என்கிற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இலங்கை 1991இலும் இந்தியா 1992இலும் சேர்ந்தன. எந்த நாட்டுக்குரியதாக என்பதை அந்த உடன்படிக்கை சொல்லவில்லை. ஆக, கேள்வி மறுபடி தகப்பன் கையில் வந்து சேர்கிறது.

நான் வேலை செய்யும் கிளைக்கு முகாமிலிருந்து வருகிறவர்கள் உண்டு. மகளுக்குக் கணக்குத் தொடங்க வந்த ஒருவர், படிவத்தில் நாட்டுரிமை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு, "இதில என்ன போடுறது சேர்?" என்றார். குழந்தையைப் பதிந்திருக்கிறீர்களா என்றேன். "பதிஞ்சாச்சு. இலங்கை எண்டுதான் போடவேணும்." ஆனால் எழுதவில்லை. நான் கேட்காமலே சொன்னார்: "எனக்கு விருப்பமில்லை சேர். துரத்தினவங்களிட்டயே போய்ப் பிள்ளைக்கு நாடு தா எண்டு கேக்கிறதோ எண்டு ரெண்டு வருசம் போகாமல் இருந்தனான். மனுசிதான் சொன்னவ, வேண்டாமெண்டு விடுறதெண்டாலும் கையில ஒண்டு இருக்கவேணுமெண்டு. பிறகு, பிந்தினதுக்குக் காரணம் எழுதிக் குடுத்துப் பதிஞ்சனாங்கள்."

நான் பார்த்திராத அந்தப் பெண்மணியின் வாக்கியத்தில், என் நண்பரின் கௌரவத்தைவிட அதிகமான சிந்தனை இருக்கிறது. துறப்பதற்கு முன் உடைமை வேண்டும். ஒன்றுமில்லாதவனின் மறுப்புக்கு அர்த்தமில்லை. அது மறுப்பாகவே கணக்கில் வராது. தகப்பன் தன் கோபத்தைக் காப்பாற்றிக்கொள்ள மகளின் பதிவை மறுத்திருந்தால், அந்தக் கோபத்துக்கான விலையை அவன் தரவில்லை, அவள் தந்திருப்பாள். தன் செலவில் செய்கிற தியாகத்தைத்தான் தியாகம் என்று சொல்கிறோம்.

ஆனால் நண்பரின் வாதத்தில் ஒரு பகுதி அவ்வளவு சுலபமாகத் தள்ளக்கூடியதல்ல. மனுக் கொடுப்பவன் அரசை அங்கீகரிக்கிறானா? எனக்கு இதில் ஒரு பாகுபாடு அவசியமாகப் படுகிறது. அரசு வேறு, நாடு வேறு என்று நாம் மேடையில் சொல்வோம். அந்த வித்தியாசம் மேடையில் இல்லாமல் நடைமுறையில் எங்கே நிகழ்கிறது என்று கேட்டால், இந்த மாதிரிக் கவுண்டரில் நிகழ்கிறது என்பேன். துரத்தப்பட்டவன் விலகிக்கொண்டால், நாடு முழுவதும் துரத்தியவனுக்கே சொந்தமாகிவிடுகிறது. அதைத்தான் துரத்தியவனும் விரும்பினான். தன் குழந்தையின் பெயரை அந்தப் பதிவேட்டில் ஏற்றுகிறவன் அரசை மன்னிக்கவுமில்லை, அதனிடம் மன்னிப்புக் கேட்கவுமில்லை. இந்த நாடு உன் தனிச்சொத்தல்ல, என் பங்கு இன்னும் கணக்கில் இருக்கிறது என்று எழுதிவைக்கிறான். அவனுக்கே அது தோல்வியாகத் தோன்றலாம். பேனாவை நிறுத்தியவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். இருந்தாலும் அந்தச் செயலின் அர்த்தம், செய்தவரின் அப்போதைய மனநிலையோடு முடிந்துவிடுவதில்லை.

5

மறுபக்கத்திலிருந்து வருகிற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இந்தக் குழந்தை யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ பார்த்ததில்லை. அது படிப்பது இங்கே, அதன் சிநேகிதர்கள் இங்கே, அதன் பேச்சுகூடப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகவும் வீட்டில் ஒன்றாகவும் ஆகிவிட்டது. அதை இலங்கைப் பிரஜை என்று எழுதுவது, இது உன் இடமல்ல என்பதற்கு ஒரு சான்றிதழ் வாங்கித் தருவதாகாதா? இங்கே குடியுரிமை கேட்கும் அதன் நியாயத்தைத் தகப்பனே பலவீனப்படுத்திவிடவில்லையா?

இந்தப் பயம் கற்பனையல்ல. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. இலங்கை அதில் இல்லை. இன்னொரு பக்கம், 1987 ஜூலைக்கு முன் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவர் விஷயத்தில் மண் பேசியது. 1987 ஜூலைக்குப் பிறகு அதே முகாமில், அதே கூரையின் கீழ் பிறந்த குழந்தைக்கு அது பேசாது. மண் என்பதும் ஒரு தேதிதான் என்று இங்கே தெரிகிறது. முப்பது வருஷம் ஓரிடத்தில் வாழ்ந்ததை ஒரு நாடு கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் அது இந்த நாட்டின் கடமை. இந்த நாடு தன் கடமையைச் செய்யாததற்குத் தண்டனையாக, அந்த நாட்டிலிருக்கிற உரிமையையும் குழந்தை இழக்க வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் சேராது. எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாத நிலையில், இருக்கிற ஒரு சாவியைத் தகப்பன் கடலில் எறியலாகாது.

இருந்தும் அவன் செய்வது ஒரு முடிவுதான், இன்னொருவரின் வாழ்க்கையைப் பற்றிய முடிவு. அதை மறைக்க வேண்டியதில்லை. மொழியைக்கூடக் குழந்தையைக் கேட்டு நாம் கொடுப்பதில்லை, பெயரையும் அப்படித்தான். கேட்காமல் கொடுத்தது எதுவும் வன்முறை என்றால் வளர்ப்பு என்பதே சாத்தியமில்லை. கொடுத்ததற்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: பெற்றவன் அதைக் கடைசி வார்த்தையாக ஆக்கிவிடக் கூடாது.

வங்கியில் மைனர் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. பணம் குழந்தையுடையது, கையெழுத்து காப்பாளருடையது. பதினெட்டு வயது நிறைந்த அன்று காப்பாளரின் கையெழுத்து செல்லாததாகிவிடும். அதுவரை ஒழுங்காக நடத்தியவர் என்பதால் ஒருநாள்கூட நீட்டிக்க மாட்டோம். குழந்தையாக இருந்தவர் வந்து தன் மாதிரிக் கையெழுத்தைப் புதிதாக இட வேண்டும். கணக்கு வேண்டாமென்றால் முடித்துக்கொண்டு போகலாம். காப்பாளர் இவ்வளவு காலம் செய்தது என்ன என்பதற்கு அப்போதுதான் அர்த்தம் பூர்த்தியாகிறது. அவர் உடைமையாளர் வரும்வரை இடத்தைப் பிடித்து வைத்திருந்தவர்.

பண்டைய ஏதென்ஸில் இது இரண்டு தடவையாக நடந்தது. குழந்தையைத் தகப்பன் தன் குலக் கூட்டத்தின் முன் கொண்டுபோய்ச் சத்தியம் செய்வான். பதினெட்டு வயதில் பையனை ஊர்ச்சபை பரிசோதித்துத் தன் பட்டியலில் சேர்க்கும். பரிசோதித்தார்களே தவிர அவனுடைய இஷ்டத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. இருந்தாலும் தகப்பன் சொன்னதோடு காரியம் முடிந்துவிடவில்லை என்ற உணர்வாவது அவர்களுக்கு இருந்தது. நம் சட்டத்திலும் பதினெட்டு வயதுக்கு ஒரு கேள்வி உண்டு. வெளிநாட்டில் பிறந்து வம்சாவழியால் இந்தியப் பிரஜையாகி, வேறு நாட்டுக் குடியுரிமையும் உடையவர், வயது வந்த ஆறு மாதத்துக்குள் அந்த மற்றதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமையை இழப்பார். கேள்வி கேட்கிறார்கள் என்பது நல்லது. ஆனால் எதை விடுகிறாய் என்பதுதான் கேள்வி. எதை ஏற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேடு அங்கேயும் கெடுவாகத்தான் வருகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். பெற்றவரின் சொல்லால் தொடங்குகிற உரிமை, பிள்ளையின் சொல்லால் நிறைவு பெறுவதாக இருக்க வேண்டும். அதனால், பெற்றவர் சொல்லத் தவறினால் பிள்ளை வளர்ந்து தானே வந்து சொல்லிக்கொள்ள முடிய வேண்டும், அமைச்சரின் தயவாக இல்லாமல் உரிமையாக. தகப்பன் காகிதத்தைத் தொலைத்திருக்கலாம். கோபத்தில் போகாமல் இருந்திருக்கலாம். சென்னைக்கு வந்துபோகக் கையில் காசில்லாமல் இருந்திருக்கலாம். முகாம் அதிகாரியிடம் அனுமதி கேட்கப் பயந்திருக்கலாம். இவற்றில் ஒன்றுகூட அந்தக் குழந்தை செய்ததல்ல. ஒருவரின் மௌனத்துக்கு இன்னொருவரைப் பொறுப்பாக்கும் ஓராண்டுக் கெடு, பிரஜை என்றால் பிள்ளை என்ற பழைய அர்த்தத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் பார்வையில் பிள்ளைக்கு என்றைக்கும் வயது வருவதில்லை.

நம் எழுத்திலும் மண்ணையும் ரத்தத்தையும் கொஞ்ச காலம் ஒத்திவைக்கலாம் என்று தோன்றுகிறது. முகாமில் பிறந்து தமிழில் எழுத வருகிறவனிடம், வருகிறவளிடம், உன் மண் எது என்று கேட்காமலிருக்க நாம் பழக வேண்டும். அந்தக் கேள்வியை அவர்கள் அலுவலகங்களில் போதுமான அளவு கேட்டிருக்கிறார்கள். மண்ணும் ரத்தமும் எந்தக் குழந்தைக்காகவும் எந்தக் கவுண்டரிலும் போய் நின்றதில்லை. போய் நின்றது, வரிசையில் காத்திருந்து, எழுத்துக் கூட்டிப் பெயர் சொன்னது, ஒரு தாயோ தகப்பனோதான். பதிவேடு மதிக்க வேண்டியது அந்தச் சொல்லை. பெற்றவர் சொல்லாமல் விட்டு, இருபது வருஷம் கழித்துப் பிள்ளையே வந்து சொன்னாலும் அது அதே சொல்தான்.